ஸ்லைடு அறை கோணலாக உள்ளே வருகிறதா? மோட்டார் வாங்கும் முன் தரையைக் குத்திப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: மோட்டார்ஹோமுக்கு, அதாவது வீடு போல் தங்கிப் பயணிக்கும் வண்டிக்கு, 12 வயது. வண்டியை நிறுத்தியதும் பக்கச் சுவரிலிருந்து வெளியே நகர்ந்து இடத்தைக் கூட்டும் ஸ்லைடு அறையின் நீளம் சுமார் 3.6 மீட்டர். வண்டிக்கு அடியில் ரேக்-பினியன் (நீளமான பல்பட்டையும் அதைத் தள்ளும் பல்சக்கரமும்), 12 வோல்ட் மோட்டார். வெளியே போகும்போது தொல்லை இல்லை. உள்ளே வரும்போது கடைசி 15 செ.மீ.யில் மோட்டார் முனகி நிற்கிறது, சில சமயம் பிரேக்கரும் விழுகிறது. உள்ளே வந்த பிறகும் பின்பக்கக் கீழ்மூலை 20 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கிறது. மழை பெய்தால் அதே மூலையில் கம்பளம் ஈரமாகிறது. புது மோட்டார் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. அப்படியே ஆனாலும் சில மாதம்தான் தாங்கும்.

மூன்று புகார்களாகத் தெரிந்தாலும் இங்கே நோய் ஒன்றுதான், தண்ணீர். ஸ்லைடு அறையின் தரைப்பலகை, வண்டியின் வாசல்படியில் பதித்திருக்கும் உருளைகள் மேல் உருண்டுதான் உள்ளே வருகிறது. அறை வெளியே நிற்கும்போது உருளைகள் இருப்பது தரையின் உட்பக்கத்துக்கு அடியில். அறை முழுதாக உள்ளே வந்ததும் அவை தரையின் வெளி ஓரத்துக்கு அடியில் வந்துவிடும். மழைத்தண்ணீர் முதலில் ஊறுவதும் அந்த வெளி ஓரம்தான். ஊறி மெத்தென்று ஆன பிளைவுட்டில், வண்டி நின்றிருக்கும் மாதக்கணக்கில் உருளை அழுந்திக் குழி போட்டுவிடும். அதன் பிறகு கடைசி 15 செ.மீ. என்பது உருளையைக் குழிக்குள் இறக்கித் திரும்ப ஏற்றும் வேலை. பின்பக்கம் இழுபடுவதால், முன் பின் ரேக்குகளைச் சேர்த்து ஓட்டும் குறுக்கு ஷாஃப்டின் போல்ட் துளை தேய்ந்து லொடலொடக்கிறது. முன்பக்கம் முதலில் போய்ச் சேர்ந்து, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலை நசுக்குகிறது. மோட்டார் முட்டி நிற்கிறது, மின்னோட்டம் ஏறுகிறது, பிரேக்கர் விழுகிறது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மோட்டார். அதை மட்டும் மாற்றுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது மாதிரி.

இருந்தாலும் ஊகத்தை நம்பித் தரையை அறுக்க வேண்டாம். வரிசையாகச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். முதலில் மின்சாரம், பிறகு அளவுகள், அதன் பிறகு மரம்.

கை வைப்பதற்கு முன்

அறைக்குள் சோபாவும் அலமாரியும் இருந்தால் எடை நூற்றுக்கணக்கான கிலோ. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மோட்டாரை ஓட்டி அளக்கும் சோதனைகள் தவிர, அடியில் போகும் நேரமெல்லாம் வெளிக் கரன்ட் இணைப்பும் பேட்டரியின் நெகட்டிவ் முனையும் கழன்றிருக்க வேண்டும். உள்ளிருந்து யாராவது விளக்கு சுவிட்ச் என்று நினைத்து ஸ்லைடு சுவிட்சை அழுத்தினால், பினியனுக்கும் ரேக்குக்கும் நடுவே இருக்கும் விரல் அவ்வளவுதான்.

மோட்டாரின் பின்னால் பிரேக்கை விடுவிக்கும் சிறு நெம்புகோல் இருக்கும். அறையை இருந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது அந்த பிரேக் மட்டுமே. வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது அதை விடுவித்தால் அறை தானே உருளும். ஆகவே ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்த பிறகே நெம்புகோலைத் தொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள்.

மின்சாரம்: அரை மணி நேர வேலை

கரன்ட் இணைப்பு போட்டிருக்கிறோம், பேட்டரி எப்படி இருந்தால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்லைடு மோட்டார் திணறும்போது 30 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். வெளிக் கரன்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் தனியாக நின்று அதைத் தாங்குவது அரிது, பேட்டரிதான் ஈடுகொடுக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதி. பாதிக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். அதற்கு முன் எடுக்கும் எந்த அளவுக்கும் அர்த்தமில்லை.

அடுத்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மோட்டாரின் இரு கம்பிகளில் வைத்துக்கொண்டு, இன்னொருவரை உள்ளே இழுக்கும் சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். அதே நேரத்தில் பேட்டரி முனைகளில் என்ன இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் 12.2, மோட்டாரில் 10.3 என்றால் 1.9 வோல்ட் வழியில் தொலைகிறது. ஒரு கணக்கு பாருங்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே 6 மீட்டர் என்றால், போக வர 12 மீட்டர் கம்பி. 5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் இதன் தடை ஏறக்குறைய 0.04 ஓம். 30 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. கம்பி போட்டால் அதே இடத்தில் 0.4 வோல்ட்தான் போகும். இது புதுக் கம்பிக்கான கணக்கு. துருப்பிடித்த ஒரு கிரவுண்ட் போல்ட் மட்டுமே இன்னொரு வோல்ட்டை விழுங்கும்.

கிரவுண்டைத் தனியாகச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை ஸ்லைடு ரிலே அல்லது கண்ட்ரோலரின் கிரவுண்ட் கம்பியிலும் வைத்து மோட்டாரை ஓட்டுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையைக் கவனிக்க வேண்டும். சேஸிஸில் முறுக்கியிருக்கும் கிரவுண்ட் போல்ட்டைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலே பாதுகாப்பு கிரீஸ் பூசுங்கள். பெயின்ட் மேல் வாஷரை வைத்து இறுக்கிவிட்டு ‘கிரவுண்ட் போட்டாச்சு’ என்று சொல்லும் வழக்கம் தொழிற்சாலைகளிலும் உண்டு.

மோட்டார் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதைக் குறுக்கு ஷாஃப்டோடு இணைக்கும் போல்ட்டைக் கழற்றித் தனியாக ஓட்டிப் பாருங்கள். அறையை ஸ்டாண்டில் நிறுத்தாமல் இதைச் செய்யக்கூடாது. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் சில ஆம்பியர் மட்டும் காட்டி, இரு திசையிலும் ஒரே சத்தத்தோடு சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. இன்னொரு தடயமும் உண்டு. வெளியே போவதும் உள்ளே வருவதும் ஒரே மோட்டாரின் வேலை, பொலாரிட்டி (பிளஸ், மைனஸ்) மட்டும்தான் மாறுகிறது. ஒரு திசையில் சுத்தமாக ஓடாமல் மறு திசையில் ஓடினால் சந்தேகப்பட வேண்டியது ரிலேயையும் சுவிட்சையும். இவர் வண்டியில் இரு திசையும் ஓடுகிறது, குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் திணறுகிறது. மின்சாரக் கோளாறுக்கு அறை எங்கே நிற்கிறது என்று தெரியாது. இடம் பார்த்து வரும் கோளாறு பெரும்பாலும் இயந்திரத்தில்தான் இருக்கும்.

அதை உறுதி செய்யக் கையே போதும். பெரும்பாலான ரேக்-பினியன் அமைப்புகளில் மோட்டாரின் பின்னாலோ ஷாஃப்டின் முனையிலோ அறுகோணத் தலை ஒன்று இருக்கும். பிரேக்கை விடுவித்து ராட்செட்டால் சுழற்றி அறையை உள்ளே கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் கனக்கிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் ரேக்கில் ஒரு கோடு. இம்பாக்ட் டிரைவரை அந்தத் தலையில் போடாதீர்கள். கியர் பெட்டிக்கு அந்த அடி ஆகாது, கனம் எங்கே கூடுகிறது என்பதும் கைக்குத் தெரியாமல் போகும். வேலை முடிந்ததும் பிரேக்கைத் திரும்பப் பூட்ட மறந்துவிட்டு, அறை தானாக நகர்கிறது என்று பயப்படுபவர்களும் உண்டு.

அளவு நாடா சொல்வது

அறையை முழுதாக வெளியே விட்டு, உள்ளே இழுக்கும்போது 10 செ.மீ.க்கு ஒரு முறை நிறுத்தி, வண்டியின் சுவரிலிருந்து அறையின் வெளிவிளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து தாளில் எழுதுங்கள். முன் மேல், முன் கீழ், பின் மேல், பின் கீழ். சலிப்பான வேலைதான். ஆனால் பாதி நோய்க்கணிப்பு இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

தொடக்கம் முதல் கடைசிவரை பின்பக்கம் ஒரே அளவு பிந்தி வந்தால், இரு ரேக்குகளும் ஒன்றுக்கொன்று பல் தவறி நிற்கின்றன. பிந்தும் அளவு போகப்போகக் கூடினால் ஷாஃப்ட் இணைப்பு நழுவுகிறது. மேல் மூலை ஒட்டி, கீழ் மூலை விலகி நின்றால் அறை சாய்ந்திருக்கிறது. ரேக்கை அறையோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் உயர போல்ட்டுகள் இளகியிருக்கலாம், அல்லது தரை தணிந்திருக்கலாம். கடைசிப் பகுதியில் மட்டும், ஒரு மூலையில் மட்டும் வேறுபட்டால் உருளையையும் தரையையும் பாருங்கள். கேள்வியில் உள்ள விவரம் கடைசி வகையோடு பொருந்துகிறது. அதன் பக்கவிளைவாக இரண்டாவது வகையும் சேர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நழுவலைப் பிடிக்க எளிய வழி: குறுக்கு ஷாஃப்ட் குழாய்க்குள் நுழையும் இடத்தில், இரண்டின் மேலும் படும்படி வெள்ளைப் பெயின்டில் ஒரு நேர்கோடு போடுங்கள். அறையை மூன்று நான்கு முறை உள்ளே வெளியே ஓட்டுங்கள். கோடு முறிந்து இரண்டாக விலகியிருந்தால் அந்த இணைப்பில்தான் கோளாறு. அங்கே இருப்பது பெரும்பாலும் ஷியர் போல்ட், அதாவது சுமை மீறினால் கியரைக் காப்பாற்றத் தான் அறுந்துகொள்ளும் போல்ட். அடிக்கடி அறுகிறதே என்று அதைவிடக் கெட்டியான போல்ட்டைப் போடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. அடுத்த முறை அறுவது கியரின் பல்லாக இருக்கும். தயாரிப்பாளர் குறித்திருக்கும் அதே விட்டம், அதே கிரேடு மட்டும் போடுங்கள். துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புது போல்ட்டும் ஆடும். இணைப்புக் குழாயையே மாற்ற வேண்டும்.

பல் தவறியிருந்தால், பிந்தும் பக்கத்தின் ஷாஃப்ட் போல்ட்டைக் கழற்றி, அந்தப் பக்கத்தை மட்டும் தள்ளி முன்பக்கத்தோடு சமப்படுத்தி, துளைகள் நேராகும் இடத்தில் போல்ட்டைப் போடுங்கள். அறை எந்த அளவோடு வெளியே நிற்க வேண்டும் என்பதை மரையுள்ள தண்டில் இருக்கும் இரட்டை நட்டுகள் தீர்மானிக்கும். அவற்றை ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் திருகாமல், ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்துச் செல்லுங்கள். ஆனால் இந்தச் சரிசெய்தல் எல்லாம் தரை வேலை முடிந்த பிறகுதான். குழி விழுந்த தரைக்கு ஏற்ப இப்போதே திருகி வைத்தால், தரையைச் சரிசெய்த அன்று எல்லாவற்றையும் திரும்பத் திருக வேண்டிவரும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

கீழே அடிப்பலகையின் வெளி ஓரத்தை ஒரு குத்தூசியால் 5 செ.மீ.க்கு ஒரு இடம் குத்திக்கொண்டே போங்கள். நல்ல பிளைவுட் ஊசியை எதிர்க்கும், மட்கியது வெண்ணெய் போல் வாங்கிக்கொள்ளும். அடிப்பக்கம் கறுப்புத் தார்ப்பாய் போன்ற உறை ஒட்டியிருந்தால், அது உப்பியோ தொங்கியோ இருக்கும் இடத்தில் கவனம் வையுங்கள். உறைக்குள் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்தை மாதக்கணக்கில் ஊறவைத்திருக்கும். ஈரமானி இருந்தால், 20 சதவீதத்துக்கு மேல் எங்கே காட்டினாலும் அந்த மரம் மட்கும் வழியில் இருக்கிறது.

ஊற்றைக் கண்டுபிடிக்காமல் பலகையை மாற்றினால் சில வருடத்தில் திரும்ப இதே வேலை. தோட்டக் குழாயில் அழுத்தமில்லாமல் தண்ணீரை விட்டு, கீழிருந்து மேலாகப் போங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, கசிவு எங்கே என்று சொல்ல முடியாது. பிரஷர் வாஷர் கூடாது. மழை ஒருபோதும் நுழையாத இடத்தில்கூட அது தண்ணீரைத் திணித்துவிடும்.

குற்றவாளி பெரும்பாலும் கீழ் மூலைகளில் இருப்பான். செங்குத்தாக வரும் சீலும் படுக்கையாகப் போகும் சீலும் சந்திக்கும் இடம் அது. தொழிற்சாலையில் இரண்டையும் வெட்டி முட்டவைத்திருப்பார்கள். ரப்பர் வயதாகிச் சுருங்கியதும் அந்த முட்டில் விரல் நுழையும் இடைவெளி விழும். அடுத்த சந்தேகம் மூலைப் பட்டையின் பின்னால் உள்ள பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டுப்பட்டை. அது காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் பட்டைக்குப் பின்னால் இறங்கி நேராகத் தரைப்பலகையின் வெட்டு முகத்தில் போய்ச் சேரும். மூன்றாவது அறையின் கூரை. அங்கே இலை குப்பை சேர்ந்து தண்ணீர் தேங்கினால், அறை உள்ளே வரும்போது வைப்பர் சீல் அதை வழித்துத் தள்ள முடியாமல் உள்ளே விட்டுவிடும்.

சீல் நன்றாக அழுந்துகிறதா என்று பார்க்க ஒரு தாள் துண்டு போதும். அறை உள்ளே வரும்போது, வெளிவிளிம்புக்கும் குழாய் வடிவ சீலுக்கும் நடுவே தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. சுற்றளவு முழுக்க 30 செ.மீ.க்கு ஒரு முறை இதைச் செய்து, பிடிக்காத இடங்களில் மறைக்கும் டேப்பால் அடையாளம் போடுங்கள். 20 மி.மீ. துருத்தி நிற்கும் மூலையில் தாள் பிடிக்காது என்பது பார்க்காமலே தெரியும். வண்டி ஓடும்போது பின் சக்கரம் தூற்றும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கும்.

தரைப்பலகை

மட்கியது ஓரத்தில் நாலைந்து செ.மீ. மட்டும், உள்ளே மரம் கெட்டியாக இருக்கிறது என்றால் அறுக்க வேண்டாம். மெத்தென்ற பகுதியைச் சுரண்டி எடுத்து, நன்கு உலர்த்தி, மரத்துக்குள் ஊடுருவும் நீர்த்த எபாக்சியைக் குடிக்கும்வரை பூசி, எபாக்சி நிரப்பியால் குழியை அடைத்து, மேலே உலோகப் பட்டை வைத்தால் போதும். உலர்த்துவதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். ஈரமானி 15க்குக் கீழே காட்டும்வரை மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் ஓடட்டும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். ஈர மரத்தின் மேல் எபாக்சி பூசுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

அதற்கு மேல் போயிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி மாற்ற வேண்டும். சோபாவைக் கழற்றி எடுத்து அறையின் எடையைக் குறையுங்கள். அறையைப் பாதி வெளியே விட்டு, அடியில் அகலமான பலகையைக் குறுக்கே கொடுத்து இரண்டு ஜாக்கிகளால் தாங்குங்கள். உருளையை விரலால் சுழற்ற முடிகிற அளவுக்கு மட்டும், அதாவது 3 முதல் 5 மி.மீ., தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் மேல் சீல் நசுங்கும், உட்பக்க அலங்காரச் சட்டம் விரிசல் விடும். தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு ஜாக்கியின் சுமையை இறக்குங்கள்.

வெட்டும் முன் அடியில் கம்பி, குழாய், ஹீட்டர் காற்றுக் குழல் எது ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்கு மட்டும் வையுங்கள். பெரும்பாலும் அது 15 முதல் 19 மி.மீ.க்குள் இருக்கும், ஓரத்தில் ஒரு சிறு துளை போட்டு அளந்தால் சரியாகத் தெரிந்துவிடும். மட்கிய இடத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, நல்ல மரத்தில் வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் மட்கலுக்கு அப்பாலும் பூஞ்சை கொஞ்ச தூரம் போயிருக்கும். முடிந்தால் வெட்டு சட்டத்தின் மேல் விழட்டும். விழாவிட்டால் பழைய பலகையையும் புதியதையும் 50 மி.மீ. அகலத்துக்குப் பாதிப் பாதி தடிமன் குறைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறுமாறு எபாக்சியால் ஒட்டி, ஸ்க்ரூ போடுங்கள். நேர் முட்டாக வைத்து ஒட்டினால் உருளை அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் இணைப்பு வாய் பிளக்கும்.

புதுப் பலகை மரைன் பிளைவுட்டாக இருக்கட்டும். பொருத்தும் முன்பே எல்லா வெட்டு முகங்களிலும் மூன்று கோட் எபாக்சி. தண்ணீரைக் குடிப்பது முகப்பு அல்ல, வெட்டு ஓரம்தான். ஸ்க்ரூ துளைகளுக்கும் அதே கவனிப்பு தேவை. கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, எபாக்சி நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் துளையிட்டு ஸ்க்ரூவை இறக்கினால், நாளை ஸ்க்ரூ வழியாகத் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது.

பிறகு உருளை படும் ஓரத்துக்கு 3 மி.மீ. அலுமினிய ஆங்கிள் வைத்து, பாலியூரித்தேன் சீலன்ட் படுக்கை மேல் துருப்பிடிக்காத ஸ்க்ரூக்களால் தலை உள்ளே அமுங்கும்படி பொருத்துங்கள். அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும். ஆகவே ஸ்க்ரூத் தலைக்கு அடியிலும் சீலன்ட் வேண்டும். ஆங்கிளுக்குப் பின்னால் சிலிக்கான் வேண்டாம். ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 3 மி.மீ. உலோகம் சேர்த்ததால் உள்ளே வந்து நிற்கும்போது அறை 3 மி.மீ. உயரும். மேல் சீல் தேவைக்கு மேல் நசுங்கி, மோட்டார் திரும்பவும் திணறும். இவ்வளவு செய்தும் சரியாகவில்லையே என்று அப்போதுதான் பலர் மோட்டாரை மாற்றுகிறார்கள். உலோகத்தின் தடிமனுக்குப் பலகையில் பள்ளம் எடுத்து ஆங்கிளைச் சமமாகப் பதியுங்கள், அல்லது உருளை பிராக்கெட்டை 3 மி.மீ. இறக்குங்கள்.

உருளைகளையும் இப்போதே கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த உருளை சுற்றாது, பலகையை உழும். அச்சு துருப்பிடித்து இறுகியிருந்தால் உருளையோடு சேர்த்து மாற்றுங்கள். குறுகிய உருளை இருந்த இடத்தில் அகலமானதைப் பொருத்த இடமிருந்தால் பொருத்துங்கள், அதே எடை அதிகப் பரப்பில் பரவும்.

சீல் மாற்றுவது

பழைய சீலில் 5 செ.மீ. துண்டு வெட்டி, அதன் குறுக்கு வடிவத்தைத் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். அடிப்பட்டையின் அகலம், குழாயின் உயரம், வைப்பர் நாக்கின் நீளம் மூன்றும் முக்கியம். குழாய் இரண்டு மி.மீ. உயரமானதாக வாங்கிவிட்டால் நன்றாக அடைக்கும் என்று தோன்றும். சுற்றளவு முழுக்க அந்த இரண்டு மி.மீ.யை நசுக்கும் பாரம் மோட்டார் தலையில்தான் விழும். பொருள் ஈபிடிஎம் ரப்பராக இருக்கட்டும்.

ஒட்டும் வகையானால் பழைய பசையை முழுக்க எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, வெதுவெதுப்பான நாளில் ஒட்டுங்கள். குளிரில் டேப் பிடிக்காது. ஒட்டும்போது சீலை இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டிய ரப்பர் சில வாரத்தில் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலையில் சரியாக அந்தப் பழைய ஓட்டையைத் திறந்துவிடும். மாறாக, மீட்டருக்குச் சில மி.மீ. கூடுதலாக உள்ளே தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். கீழ் மூலையில் செங்குத்துச் சீல் படுக்கைச் சீலின் மேல் ஏறி விழ வேண்டும், ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படுவது போல.

பராமரிப்புக்கு, மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, ரப்பருக்கென்று விற்கும் பூச்சைப் பூசினால் போதும். பெட்ரோலிய எண்ணெய் எதுவும் வேண்டாம், அது ஈபிடிஎம்மை உப்ப வைக்கும். ரேக் பற்களுக்கும் கிரீஸ் வேண்டாம். சாலைப் புழுதி கிரீஸில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். பிரஷ்ஷால் சுத்தம் செய்து, உலர்ந்து நிற்கும் பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்ப்ரே அடியுங்கள்.

திரும்ப ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் மோட்டாரில் வேண்டாம், கையால் சுழற்றி உள்ளே கொண்டுவாருங்கள். 50 மி.மீ.க்கு ஒரு முறை நிறுத்தி நான்கு மூலைகளையும் அளங்கள். முன்பு போட்ட சுண்ணக்கட்டிக் கோட்டருகே கனம் குறைந்திருக்கிறதா என்று கை சொல்லிவிடும். பிறகு பேட்டரியை நிறைத்துவிட்டு மோட்டாரில் ஓட்டி, கிளாம்ப் மீட்டரைக் கவனியுங்கள். வழி நெடுக ஒரே அளவில் ஓடி, கடைசியில் சீல் அழுந்தும்போது மட்டும் ஆம்பியர் ஏற வேண்டும். நாலு தடவை ஓட்டியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அரை மணி ஓய்வு கொடுங்கள். தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்த மோட்டார் இல்லை அது. நான்கு மூலைகளுக்கும் வேறுபாடு 5 மி.மீ.க்குள் வந்து, தாள் சுற்றிலும் பிடித்தால் நட்டுகளை இறுக்கிவிடலாம்.

வேறு வகை ஸ்லைடு வைத்திருப்பவர்களுக்கு

தண்ணீரும் தரையும் பற்றிச் சொன்னது எல்லா வகைக்கும் பொதுவானது. ஓட்டும் அமைப்புதான் மாறும். அறையின் பக்கச் சுவர்களில் அலுமினியப் பல்பட்டை தெரிந்தால் அது ஷ்வின்டெக் வகை. பக்கத்துக்கு ஒரு மோட்டார் இருக்கும், இரண்டும் சேர்ந்து நகர்வதைக் கண்ட்ரோலர் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளும். அதனால் பாதியில் நிறுத்தி முன்னும் பின்னும் அசைத்தால் கணக்கு தவறும். சுவிட்சை மோட்டார்கள் தாமாக நிற்கும்வரை விடாமல் பிடித்திருந்தால்தான் அது கணக்கைச் சரிசெய்துகொள்ளும். கண்ட்ரோலரின் சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 3 என்றால் பேட்டரி தாழ்வு, 5 என்றால் மின்னோட்டம் மிகை, 8 என்றால் மோட்டாரிலிருந்து சென்சார் சிக்னல் வரவில்லை. அறை வெளியே மாட்டிக்கொண்டால் மோடு பொத்தானை வேகமாக ஆறு முறை அழுத்தி, ஏழாவது முறை விளக்குகள் மின்னும்வரை சுமார் ஐந்து வினாடி பிடித்திருங்கள். அதன் பிறகு மோட்டார்கள் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடும். ஆகவே இருவர் இரு பக்கமும் நின்று கோணலாகாமல் கவனிக்க வேண்டும்.

கேபிள் வகையில், அறையின் உள்விளிம்பில் கட்டிய கேபிள்கள் அறையை வெளியே இழுக்கும், வெளிவிளிம்பில் கட்டியவை உள்ளே இழுக்கும். உள்ளே வர மறுக்கும் மூலையின் வெளிக் கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை இறுக்கும்போது அதன் எதிர்க் கேபிளைத் தளர்த்த வேண்டியிருக்கும், இல்லையென்றால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இழை பிரிந்து முள் போல் நீட்டிக்கொண்டிருக்கும் கேபிளை இறுக்காதீர்கள், மாற்றுங்கள்.

ஹைட்ராலிக் வகையில் எண்ணெய் அளவைப் பார்ப்பது எல்லா சிலிண்டர்களும் உள்ளே இருக்கும்போது. வெளியே இருக்கும்போது பார்த்து நிரப்பினால், உள்ளே இழுத்ததும் தொட்டி பொங்கி வழியும். என்ன எண்ணெய் என்று தொட்டியின் லேபிளே சொல்லும், பல வண்டிகளில் டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி எண்ணெய் (ஏடிஎஃப்). பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் அத்தனையும் போய்விடும். அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

வாசல் சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, திறப்பின் மேல் மூலைகளில் சுவர் விரிசல் விட்டிருந்தாலோ, ரேக்கைப் பிடித்திருக்கும் சேஸிஸ் சட்டத்தில் வெல்டு விட்டுப் போயிருந்தாலோ, இது வீட்டு வேலை அல்ல. சட்டம் நேராகும்வரை மேலே சொன்ன எந்தச் சரிசெய்தலும் நிற்காது.

வேலை முடிந்த பிறகு கம்பளத்தை உடனே ஒட்டிவிடாதீர்கள். அந்த மூலையை மட்டும் மடக்கி வைத்து, முதல் மூன்று நல்ல மழைக்கும் மறுநாள், ஒவ்வொரு முறையும் ஒரே நான்கு புள்ளிகளில் ஈரமானியை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஏறாமல் நின்றால் ஒட்டலாம். ஏறினால் தோட்டக் குழாயை எடுத்துக்கொண்டு திரும்பவும் கீழ் மூலையிலிருந்து தொடங்குங்கள்.